கேட்பதற்கு ஆள் இல்லாத ஆய்வு: கருப்பைவாய்ப் புற்றுநோயும் இந்திய ஆய்வறத்தின் வரலாறும்

1987ஆம் ஆண்டு ஜூன் மாதம், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து வெளிவந்த ‘மெட்ரோ’ என்னும் இதழில் ஒரு நீண்ட கட்டுரை இடம்பெற்றது. அந்நகரின் தேசிய மகளிர் மருத்துவமனையில், கருப்பைவாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் கண்டறியப்பட்ட பெண்கள் பலர், உரிய சிகிச்சை இன்றிப் பல ஆண்டுகள் கண்காணிப்பில் மட்டும் வைக்கப்பட்டிருந்தனர் என்பதே அதன் சாரம். கட்டுரை வெளிவந்த அதே மாதத்தில் அந்நாட்டு அரசு நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது.

அதே 1987ஆம் ஆண்டில், உயிரணுவியல் துறையின் சர்வதேச ஆய்விதழான ‘ஆக்டா சைட்டாலஜிகா’வில் தில்லி ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. கருப்பைவாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் கொண்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அம்மாற்றங்கள் எத்தனை பேரிடம், எவ்வளவு காலத்தில் புற்றாக வளர்கின்றன என்பதைக் கணக்கிட்ட கட்டுரை அது. அதன் பொருட்டு எந்த விசாரணையும் நடக்கவில்லை. அப்பெண்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்னும் கேள்வி பொதுவெளிக்கு வருவதற்கு மேலும் பத்து ஆண்டுகள் ஆயின.

ஒரே நோய், ஒரே வினா, ஏறத்தாழ ஒரே காலம். ஒன்று ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியது. மற்றொன்று மேற்கோள் பட்டியல்களில் இன்னொரு வரியாகச் சேர்ந்தது. மனிதரை உட்படுத்தும் ஆய்வுகளுக்கான அறநெறிகள் இந்தியாவில் எவ்வாறு வளர்ந்தன, அவற்றில் ஆய்விதழ்களின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பவற்றை அறிய இந்த வேறுபாட்டைத் தொடர்ந்து செல்வது ஒரு நல்ல வழி.

நோயும் வினாவும்

கருப்பைவாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. கருப்பைவாயின் மேற்பரப்பில் உள்ள உயிரணுக்கள் முதலில் இலேசாக உருமாறுகின்றன. சிலரிடம் அம்மாற்றம் தானே மறைகிறது. சிலரிடம் தீவிரமடைந்து, மேற்பரப்பைத் தாண்டாத புற்று நிலையை அடைகிறது. அதற்கும் பிறகுதான் திசுக்களுக்குள் ஊடுருவும் புற்றாகிறது. இந்தப் பயணத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும். அவ்வளவு நீண்ட இடைவெளி இருப்பதால்தான் இது தடுக்கக்கூடிய புற்றுநோய்களில் முதன்மையானது. ஜார்ஜ் பாப்பனிக்கோலா, ஹெர்பர்ட் டிராட் இருவரும் 1943இல் வெளியிட்ட நூலுக்குப் பின் ‘பாப் சோதனை’ உலகெங்கும் பரவியது. 1960களில் பின்லாந்து போன்ற நாடுகள் அதனைத் தேசியத் திட்டமாகவே நடத்தத் தொடங்கின.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது. உருமாற்றம் காணப்பட்ட நூறு பெண்களில் எத்தனை பேருக்கு உண்மையில் புற்று வரும்? எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை செய்தால், தேவையற்றவர்களும் அதன் துன்பத்தை ஏற்க நேரும். இது பொருளற்ற வினா அன்று. இன்றும் இலேசான மாற்றங்களை உடனே வெட்டி நீக்காமல் கவனித்து வருவதே பல நாடுகளில் வழக்கம். ஆனால் அவ்வாறு கவனிக்கப்படும் பெண் தன் நிலையை அறிந்திருக்கிறாள். வேண்டுமென்றால் சிகிச்சை கேட்க அவளால் முடியும். ஒரு நோயின் ‘இயல்பான போக்கை’ அறிவதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைப்பது வேறு. அங்கே நோயாளியின் உடல் ஒரு கடிகாரமாகிறது. ஆய்வாளர் அது ஓடுவதைக் குறித்துக்கொள்கிறார். அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய் சிகிச்சையின்றிக் கவனிக்கப்பட்டது இவ்வகை ஆய்வுக்குப் பெயர்போன சான்று.

ஆக்லாந்து: ஆய்விதழிலிருந்து பொதுவெளிக்கு

ஆக்லாந்து மருத்துவமனையின் பேராசிரியர் ஹெர்பர்ட் கிரீன், மேற்பரப்பளவில் நிற்கும் புற்று ஊடுருவும் புற்றாக மாறுவது மிக அரிது என்று நம்பினார். அதனை நிறுவும் நோக்கில், அத்தகைய பெண்கள் சிலரை முழுமையான சிகிச்சை இன்றிக் கண்காணிக்கும் அவரது திட்டத்துக்கு 1966இல் மருத்துவமனையின் மூத்த மருத்துவர்கள் ஒப்புதல் அளித்தனர். உள்ளிருந்தே எதிர்ப்பும் எழுந்தது. கருப்பைவாய்ப் பரிசோதனை வல்லுநர் பில் மெக்கிண்டோவும் நோய்க்குறியியலாளர் ஜாக் மெக்லீனும் பல ஆண்டுகள் எச்சரித்தனர். மருத்துவமனை நிர்வாகம் செவிசாய்க்கவில்லை.

இறுதியில் அவர்கள் ஆய்வாளருக்குரிய வழியையே தேர்ந்தனர். 1984இல் ரொனால்ட் ஜோன்ஸ், பீட்டர் மல்லின்ஸ் ஆகியோருடன் இணைந்து, 948 பெண்களின் தரவுகளை அமெரிக்காவின் மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். தொடர் சோதனைகளில் உயிரணுக்கள் இயல்புநிலைக்குத் திரும்பியிருந்த 817 பேரில் ஊடுருவும் புற்று கண்டவர்கள் 1.5 சதவீதம். இயல்பற்ற உயிரணுக்கள் தொடர்ந்து காணப்பட்ட 131 பேரில் 22 சதவீதம். கட்டுரையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எண்கள் மட்டுமே இருந்தன. அந்த எண்களின் பின்னால் இருந்த மனிதர்களைத் தேடிச் சென்றவர்கள் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்களான சாண்ட்ரா கோனியும் பிலிடா பங்கிளும். அவர்கள் எழுதியதே 1987இன் ‘மெட்ரோ’ கட்டுரை.

நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையிலான விசாரணை 1988 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக மருத்துவமனைகளுக்கு வெளியே நிற்கும் நெறிமுறைக் குழுக்கள் தோன்றின. 1994இல் நோயாளர் உரிமைக்கான ஆணையர் பதவி சட்டத்தால் உருவாக்கப்பட்டது. 1996இல் நோயாளர் உரிமைத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. கிரீன் செய்தது திட்டமிட்ட பரிசோதனையே அன்று என்று 2009இல் வரலாற்றாசிரியர் லிண்டா பிரைடர் வாதிட்டார்; அதற்கு வலுவான மறுப்புகளும் வந்தன. அவ்விவாதம் நிகழ முடிந்ததற்குக் காரணம், ஆவணங்கள் திறந்த மன்றத்தில் வைக்கப்பட்டிருந்தமையே.

தில்லி: 1976 முதல் 1988 வரை

தில்லி ஆய்வு 1976இல் தொடங்கியது. நடத்தியது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கிய உயிரணுவியல் ஆய்வு நிறுவனம். தில்லி மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களுள் கருப்பைவாயில் பல்வேறு நிலை மாற்றங்கள் காணப்பட்ட 1,158 பேர் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். 1988இல் ஆய்வு நிறைவடைந்தபோது 71 பேருக்குப் புற்று உருவாகியிருந்தது. அவர்களுள் 62 பேர், புற்று ஓரிடத்தில் நிற்கும் நிலையை அடைந்த பின்னரே சிகிச்சை பெற்றனர். 9 பேருக்கு அது ஊடுருவும் புற்றாக வளர்ந்திருந்தது.

இவ்விவரங்கள் பரவலாக அறியப்பட்டது 1997 ஏப்ரலில், அறிவியல் செய்தியாளர் கணபதி முதூர் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதிய செய்தியின் வழியே. ஆய்வை நடத்தியவர்கள் அப்போது அளித்த விளக்கங்கள் முதன்மையாக இரண்டு. பெண்களுள் பலர் எழுத்தறிவற்றவர்கள் என்பதால் எழுத்து மூலமான ஒப்புதல் பெறப்படவில்லை. வாய்மொழி ஒப்புதல் பெறப்பட்டது. மற்றொன்று, ஆய்வு தொடங்கிய காலத்தில் இம்மாற்றங்கள் எவ்வளவு புற்றாகும் என்பது உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. நாட்டில் அறநெறி வழிகாட்டியும் இல்லை.

இரண்டாவது விளக்கத்தை முதலில் நோக்கலாம். 1976இல் இந்தியாவுக்கென்று வழிகாட்டி இல்லை என்பது உண்மை. ஆனால் 1980 பிப்ரவரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே, நீதிபதி எச். ஆர். கன்னா தலைமையிலான குழுவின் துணையுடன், மனிதரை உட்படுத்தும் ஆய்வுகளுக்கான அறநெறிக் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஆய்வுக்கு உட்படுபவர் தகவல் அறிந்து ஒப்புதல் தரவேண்டும் என்பதும், நெறிமுறைக் குழு ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்பதும் அதன் அடிப்படைகள். அதற்குப் பிறகும் தில்லி ஆய்வு எட்டு ஆண்டுகள் நடந்தது. விதியை வகுத்த நிறுவனமும் ஆய்வை நடத்திய நிறுவனமும் ஒன்றே. விதிக்கும் நடைமுறைக்கும் இடையே ஒரு நாட்டின் தூரம் இல்லை. ஒரு கட்டடத்தின் தூரமே இருந்தது.

முதல் விளக்கம் இன்னும் ஆழமான சிக்கலைக் காட்டுகிறது. எழுத்தறிவின்மை கையொப்பத்தைத்தான் தடுக்கும், புரிதலைத் தடுப்பதில்லை. ‘உங்களுக்குக் காணப்படும் மாற்றம் புற்றாக வளரக்கூடும், அதற்குச் சிகிச்சை உண்டு, நாங்கள் இப்போது அதைத் தராமல் கவனிக்கப் போகிறோம்’ என்னும் மூன்று செய்திகளைப் பேச்சில் சொல்லிவிட முடியும். வாய்மொழி ஒப்புதலின் குறை அது வாய்மொழியாக இருப்பதில் இல்லை. என்ன சொல்லப்பட்டது என்பதற்குச் சான்று எதுவும் எஞ்சுவதில்லை. பிறகு ஐயம் எழும்போது ஆய்வாளரின் சொல் மட்டுமே நிற்கிறது, பெண்ணின் சொல் எங்கும் இல்லை.

ஆய்விதழ் கேட்டிருக்கக்கூடியது

1987இல் தில்லிக் கட்டுரை அச்சேறும் காலத்தில், பதிப்பாசிரியர்களுக்கு வழிகாட்டும் நெறிகள் இல்லாமல் இல்லை. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் பிறந்த 1947இன் நூரம்பர்க் நெறிகள், ஆய்வுக்கு உட்படுபவரின் தன்விருப்ப ஒப்புதலை முதல் நிபந்தனையாக வைத்தன. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி சாற்றுரையை வெளியிட்டது. 1966இல் ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி பீச்சர், புகழ்பெற்ற இதழ்களில் வெளிவந்த ஆய்வுகளிலிருந்தே அறம் மீறிய 22 சான்றுகளை எடுத்து ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அடுக்கினார். மருத்துவ உலகை அவர் அதிரவைத்தது ரகசியங்களை வெளியிட்டு அன்று. அனைவரும் ஏற்கெனவே படித்திருந்த கட்டுரைகளை மீண்டும் படித்துக் காட்டியே.

இவ்வரிசையில் பதிப்புலகுக்கு நேரடியாகப் பேசியது 1975இல் டோக்கியோவில் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி சாற்றுரை. ஆய்வுத் திட்டங்களைச் சுதந்திரமான குழு பரிசீலிக்க வேண்டும் என்ற அத்திருத்தம், சாற்றுரையின் நெறிகளுக்கு மாறாக நடந்த ஆய்வுகளை ஆய்விதழ்கள் ஏற்கலாகாது என்றும் வகுத்தது. தில்லி ஆய்வு தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே இது நடந்துவிட்டது. 1978இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் பொதுவான பதிப்பு விதிகளை உருவாக்கத் தொடங்கினர். பின்னர் வந்த பதிப்புகளில் அறநெறி இணக்கமும் அவற்றின் பகுதியாயிற்று.

எனவே, பெண்களுக்கு என்ன சொல்லப்பட்டது, சிகிச்சை எந்நிலையில் அளிக்கப்பட்டது, எந்தக் குழு இத்திட்டத்தைப் பரிசீலித்தது என்று 1987இல் ஒரு பதிப்பாசிரியரோ மதிப்பீட்டாளரோ கேட்டிருக்க முடியும். ஆய்வு அப்போது முடிவடைந்திருக்கவும் இல்லை. அக்கேள்விக்குப் பயன் இருந்திருக்கும்.

ஆனால் இங்கே எளிதில் தீராத ஒரு முரண் உண்டு. டோக்கியோ நெறிப்படி அறம் மீறிய ஆய்வை இதழ்கள் மறுத்துவிட்டால், அந்த ஆய்வு நடந்ததே உலகுக்குத் தெரியாமல் போகலாம். ஆக்லாந்துப் பெண்களுக்கு நீதி கிடைத்தது 1984 கட்டுரையின் எண்கள் அச்சேறியதனால். ஆகவே பதிப்பின் பொறுப்பு ‘வெளியிடு’, ‘மறு’ என்னும் இரண்டுக்குள் அடங்குவதில்லை. தரவு எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் தரவோடு சேர்த்து வாசகர் முன் வைக்கச் செய்வதே அதன் கடினமான பகுதி. தில்லியின் எண்கள் அச்சேறின. அவை பெறப்பட்ட விதம் அச்சேறவில்லை.

இரண்டாயிரத்தில்: விதி வந்தது, வினா மாறியது

இவ்விவாதங்கள் எழுந்த காலத்திலேயே, நீதிபதி எம். என். வெங்கடாசலய்யா தலைமையிலான குழு புதிய நெறிகளைத் தொகுத்தது. 2000இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவற்றை வெளியிட்டது. நெறிமுறைக் குழுவின் அமைப்பு, ஒப்புதல் படிவத்தில் இருக்கவேண்டியவை, எளிதில் பாதிப்புக்குள்ளாகும் மக்களுக்கான பாதுகாப்பு என ஒவ்வொன்றும் விரிவாக எழுதப்பட்டன.

அதே காலத்தில், அதே நோயைப் பற்றிய மூன்று பெரும் ஆய்வுகள் இந்தியாவில் தொடங்கியிருந்தன. பாப் சோதனைக்கு வேண்டிய ஆய்வகமும் பயிற்சி பெற்ற வல்லுநரும் நாட்டின் பெரும்பகுதியில் இல்லை. கருப்பைவாயில் நீர்த்த வினிகரைத் தடவி, வெண்மையாக மாறும் இடங்களை வெறும் கண்ணால் கண்டறியும் எளிய சோதனையைச் செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் செய்தால் மரணங்கள் குறையுமா என்பதே முதன்மை வினா. 1998இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியுடன் தொடங்கியது. 1999இல் மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்திலும், 2000இல் தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் அருகேயுள்ள அம்பிளிக்கையை மையமாகக் கொண்டும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பங்கேற்புடனும் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுடனும் மற்ற இரண்டு ஆய்வுகள் தொடங்கின.

முடிவுகள் உலகின் முன்னணி இதழ்களில் வந்தன. திண்டுக்கல் ஆய்வு 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. சோதனை செய்யப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்று மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. உஸ்மானாபாத் ஆய்வு 2009இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. பாப்பிலோமா வைரஸ் சோதனை ஒருமுறை செய்தாலே மரணம் ஏறத்தாழப் பாதியாகும் என்று அது காட்டியது. மும்பை ஆய்வின் முடிவு 2013இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் மாநாட்டின் முதன்மை அமர்வில் அறிவிக்கப்பட்டது; மரணம் 31 சதவீதம் குறைந்திருந்தது. ஏழை நாடுகளில் பல உயிர்களைக் காக்கக்கூடிய அறிவு இது என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் இந்திய அரசின் பரிசோதனைத் திட்டம் வினிகர் சோதனையை ஏற்றதற்கும் இவ்வாய்வுகளே அடித்தளம்.

ஆனால் ‘குறைந்தது’ என்னும் சொல்லுக்கு ஒப்பிட ஒரு மறுபக்கம் வேண்டும். மூன்று ஆய்வுகளிலும் சேர்த்து 1,38,624 பெண்கள் எந்தச் சோதனையும் செய்யப்படாத ஒப்பீட்டுக் குழுவில் இருந்தனர். அவர்களுள் 254 பேர் கருப்பைவாய்ப் புற்றால் இறந்தனர். உஸ்மானாபாத்தில் 64, திண்டுக்கல்லில் 92, மும்பையில் 98.

அமெரிக்க நோய்க்குறியியலாளர் எரிக் சூபா இதனை எதிர்த்து அமெரிக்க அரசின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முறையிட்டார். 2014இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ்’ இதழில் விரிவாக எழுதினார். பாப் சோதனை பயன் தருவது பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருக்க, எதுவும் செய்யாத குழு ஒன்றை வைத்து இறப்பை எண்ண வேண்டிய தேவை என்ன என்பது அவரது வினா. ஆய்வாளர்களின் மறுமொழியும் அவ்விதழிலேயே வந்தது. இந்தியாவில் அப்போது நிலவிய வழக்கமே ‘சோதனை இன்மை’தான், ஒப்பீட்டுக் குழுப் பெண்களுக்கு நோய் பற்றிய விழிப்புணர்வும், அறிகுறி தோன்றினால் சிகிச்சைக்கான வழியும் தரப்பட்டன, ஒப்பீடு இல்லாத சான்றை எந்த அரசும் ஏற்றிருக்காது என்றனர். மும்பை ஆய்வைப் பொறுத்தவரை, பெண்கள் ஆய்ந்து ஒப்புதல் தருவதற்குப் போதிய தகவல் அளிக்கப்படவில்லை என்று அமெரிக்க அலுவலகம் கண்டது.

தில்லி ஆய்வையும் இவற்றையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. தில்லியில், நோய்மாற்றம் இருப்பது ஆய்வாளருக்குத் தெரிந்தே சிகிச்சை தள்ளிப்போடப்பட்டது. மூன்று ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுவில் யாருக்கு மாற்றம் உள்ளது என்பது யாருக்கும் தெரியாது. இவ்வாய்வுகள் நெறிமுறைக் குழுக்களின் பரிசீலனையைக் கடந்தே நடந்தன. ஒப்புதல் கையொப்பங்களும் பெறப்பட்டன. ஆனால் அங்கேதான் வரலாற்றின் அடுத்த முடிச்சு விழுகிறது. 1987இல் ‘குழு ஒப்புதல் அளித்ததா’ என்ற கேள்வி எழவில்லை. 2007இல் அக்கேள்விக்கு ஆம் என்னும் விடை கட்டுரையிலேயே இருந்தது. அதற்கு அடுத்த கேள்வி எழவில்லை. ‘நாட்டின் வழக்கம்’ என்பது வறுமையால் உருவான வழக்கமாக இருக்கும்போது, அதனை ஒப்பீட்டின் அளவுகோலாக வைக்கலாமா? இக்கேள்வி புதிதன்று. எச்ஐவி தொற்றிய கருவுற்ற பெண்களுக்கு வெற்று மருந்து கொடுத்து ஏழை நாடுகளில் நடந்த ஆய்வுகளை முன்வைத்து, 1997இலேயே ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ தலையங்கம் அதனை எழுப்பியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே இதழ் உஸ்மானாபாத் முடிவுகளை வெளியிட்டது.

கம்மம்: கையெழுத்து யாருடையது

2009 ஜூலையில் இந்நோய்க்கான தடுப்பூசியை முன்வைத்து மற்றொரு ஆய்வு தொடங்கியது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் 10 முதல் 14 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 24,000 சிறுமியருக்குப் பாப்பிலோமா வைரஸ் தடுப்பூசி போடப்பட்டது. நடத்தியது அமெரிக்காவைச் சேர்ந்த ‘பாத்’ என்னும் நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் பங்கேற்றன. அதற்கு இடப்பட்ட பெயர் ‘செயல்விளக்கத் திட்டம்’. மருந்துப் பரிசோதனை என்று பெயரிடப்படாததால், பரிசோதனைகளுக்குரிய கண்காணிப்பும் பாதகங்களைப் பதிவு செய்யும் ஏற்பாடும் அதற்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

ஏழு சிறுமியர் இறந்த செய்தி வெளிவந்த பின், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அம்மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றே அரசின் விசாரணைக் குழு முடிவு செய்தது. தடுப்பூசியின் பாதுகாப்பும் பயனும் உலக அளவில் நிறுவப்பட்டவை. ஆனால் ஒப்புதல் பற்றி விசாரணையில் வெளிவந்தவை வேறு வகையானவை. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 படிவங்களில் 1,948இல் கைரேகைகள் இருந்தன. 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தனர். பழங்குடி மாணவியர் விடுதிகளில் பயின்ற சிறுமியரின் பெற்றோர்க்குப் பதிலாக அரசு ஊழியர் ஒப்புதல் அளித்துவிட்டனர். 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72ஆவது அறிக்கையில் இதனைக் கடுமையாகச் சாடியது.

தில்லியில் படிவமே இல்லை. கம்மத்தில் படிவம் இருந்தது. அதில் இருக்கவேண்டியவர் இல்லை. நல்ல தடுப்பூசி ஒன்றின் மீது மக்களிடையே ஐயம் படிவதற்கும் அதுவே இடமளித்தது. ஒப்புதலைச் சடங்காக்குவதன் விலையை ஆய்வுக்கு உட்பட்டவர் மட்டும் கொடுப்பதில்லை; அந்த அறிவால் பின்னர் பயன்பெற வேண்டியவர்களும் கொடுக்கிறார்கள்.

இன்று

2013இல், உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் அழுத்தத்தால், மருந்துப் பரிசோதனை விதிகள் இறுகின. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு விதியாயிற்று. 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் நெறிகளை மீண்டும் விரித்தெழுதியது. 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், மருந்து சாராத உயிர்மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுக்களும் பதிவு பெறவேண்டும் என்றன. 1976இல் இல்லாத ஒவ்வொன்றும் இன்று ஏட்டில் இருக்கிறது.

ஆய்விதழ்களிலும் அவ்வாறே. இன்று மனிதரை உட்படுத்திய கட்டுரை ஒவ்வொன்றின் இறுதியிலும் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம்: நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தது, பங்கேற்றோர் ஒப்புதல் பெறப்பட்டது. ஆய்வு மாணவர்கள் பலர் அவ்வாக்கியங்களை முந்தைய கட்டுரையிலிருந்து படியெடுத்து, எண்ணை மட்டும் மாற்றி ஒட்டுகின்றனர். மதிப்பீட்டாளர்கள் புள்ளியியலை வரிவரியாக ஆராய்ந்துவிட்டு, அவ்விரண்டு வாக்கியங்களைக் கண்ணால் தொட்டுக் கடக்கின்றனர். ஒப்புதல் எந்த மொழியில் கேட்கப்பட்டது, மறுத்தவர்கள் எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழுவுக்குப் பின்னர் என்ன கிடைத்தது என்று கேட்கும் மதிப்பீட்டாளர் அரிதாகவே வாய்க்கிறார்.

இந்த அரை நூற்றாண்டு வரலாற்றில் ஒன்று திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது. கேள்வி ஒருபோதும் அதனைக் கேட்கவேண்டிய இடத்திலிருந்து எழவில்லை. தில்லியைப் பற்றிக் கேட்டவர் ஒரு செய்தியாளர். கம்மத்தைப் பற்றி முதலில் கேட்டவை மகளிர் நல அமைப்புகள். ஒப்பீட்டுக் குழுவைப் பற்றிக் கேட்டவர் வேறொரு நாட்டின் மருத்துவர். அவ்விவாதத்துக்கு இடம் கொடுத்தது, முடிவுகளை வெளியிட்ட பேரிதழ்கள் அல்ல, 1993இல் மும்பையில் ஒரு சிறு மடலாகத் தொடங்கிய அறநெறி இதழ். ஆய்வுக் குழுவும் நெறிமுறைக் குழுவும் மதிப்பீட்டாளரும் பதிப்பாசிரியரும் வரிசையாக நின்ற வாயில்கள் அனைத்தையும் கடந்த பின்னரே கேள்வி பிறந்தது.

நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80,000 பெண்கள் இன்றும் இந்நோயால் இறக்கின்றனர். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையேனும் இதற்கான சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. ‘சோதனை இன்மையே நாட்டின் வழக்கம்’ என்று இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சொல்லப்பட்ட நியாயம், திண்டுக்கல்லும் உஸ்மானாபாத்தும் மும்பையும் விடை தந்த பிறகும், பெரிதாக மாறவில்லை. ஒப்பீட்டுக் குழுவில் இறந்த 254 பேருக்கு நாடு பட்ட கடன் அந்த விடையைப் பயன்படுத்துவது. அக்கடன் இன்னும் அடைக்கப்படவில்லை.

தில்லியின் 1,158 பெண்களோ 1987 கட்டுரையில் எண்களாகவும் சதவீதங்களாகவும் மட்டுமே இருக்கின்றனர். புற்றின் இயல்பான போக்கு பற்றிய சான்றாக அக்கட்டுரையை எடுத்தாளும் ஆய்வாளர் எவரும், அச்சான்று எவ்வாறு கிடைத்தது என்பதையும் அதே வரியில் குறிப்பிடலாம். அதற்குப் புதிய விதி எதுவும் வேண்டியதில்லை.